சிவந்த விரலுக்குத் திறக்காத பூட்டு

பரிசுக்காக மூவர் அடித்துக்கொண்ட கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்காக மூவர் "எனக்கு, எனக்கு" என்று நின்ற கதை. பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

பழனி மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த மலைச்சாமியிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டு மாடு இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவான், மாடு மலையேறிவிடும். மனைவி அமுதவல்லிக்கும் அதைப் பழக்கியிருந்தான்.

ஒருநாள் அவர்களுடைய நான்கு வயது மகன் முகில் அந்தத் துப்பாக்கியை மடியில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே தோட்டா இருந்தது. பார்த்த அமுதவல்லி ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நானும் எம்புள்ளையும் இருக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

திண்டுக்கல்லிலிருந்து அவள் தம்பி நாகேந்திரன் ஒரு மின்னணுப் பூட்டு வாங்கி வந்தான். துப்பாக்கியின் விசையைக் கவ்விக்கொள்ளும் பூட்டு அது. பதிந்து வைத்த கட்டைவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்து திறக்கும், மற்ற விரலுக்குச் சிவப்புதான்.

"திருடன் தூக்கிட்டுப் போனாலும் வெறும் இரும்புதான் மச்சான்" என்றான் நாகேந்திரன்.

"அவசரத்துக்கு எனக்கே திறக்கலைன்னா?"

"அதுக்குச் சாவி இருக்கே."

புருஷன் பெண்டாட்டி இருவர் விரலும் பதிவாயின. ஆனால் சாவியை வீட்டில் வைக்க அமுதவல்லி சம்மதிக்கவில்லை. முகிலுக்கு எட்டாத இடம் என்று அந்த வீட்டில் எதுவும் கிடையாது. சாவி தம்பியோடு திண்டுக்கல் போனது. மலைச்சாமி மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு, பலாப்பழம் அறுத்த ஒரு நாளில், பூட்டின்மேல் பிசுபிசுவென்று குட்டி விரல் தடங்கள் இருப்பதைப் பார்த்தான். ஈரத்துணியால் துடைத்தான். மகனைத் தூக்கி வெகுநேரம் இறக்காமல் வைத்திருந்தான். அதற்குப் பின் அந்தப் பூட்டைப் பற்றி அவன் குறை சொன்னதே இல்லை.

மலைச்சாமியின் தங்கை குயிலிக்குக் கல்யாணம் கூடிவந்தது. வீட்டில் மருதாணி அரைத்தார்கள். கல்யாணப் பெண் தன் கையோடு நிற்காமல் மதினியின் பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டாள். "எவ்வளவு செவக்குதுன்னு பாப்போம் மதினி. அண்ணனுக்கு உங்கமேல எம்புட்டுப் பாசம்னு தெரிஞ்சுரும்ல?" மறுநாள் விரல்கள் கருஞ்சிவப்பாக இருந்தன. அமுதவல்லிக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை.

அந்தக் கையோடுதான் ரேஷன் கடைக்குப் போனாள். கைரேகை இயந்திரம் அவள் விரலை ஏற்கவே இல்லை. "மருதாணி போனப்புறம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து சொன்னதும், "ரேஷன் அரிசிக்கே நீ யாருன்னு தெரியலையா?" என்று மலைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். குயிலியும் சிரித்தாள், அமுதவல்லியும் சிரித்தாள். துப்பாக்கிப் பூட்டும் விரல் பார்த்தே திறக்கும் என்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம், தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு வருகிறேன் என்று மலைச்சாமி வெறுங்கையோடு சரிவில் இறங்கினான். பனிமூட்டத்திலிருந்து ஒற்றைக் காட்டு மாடு வந்து அவனை வேலியோடு மறித்தது.

"வெடியப் போடு புள்ள!"

அமுதவல்லி ஓடிப்போய்க் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. சேலையில் துடைத்து வைத்தாள். சிவப்பு. இடக்கை விரல், அதுவும் சிவப்பு. "சாவி எங்க மதினி?" என்று குயிலி அலறினாள். சுட முடியாத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டே அமுதவல்லி சரிவில் ஓடியபோது மாடு முட்டிவிட்டுப் போயிருந்தது. மலைச்சாமி கிடந்தான். தன் நெஞ்சைத் தாங்கிய அவள் கையைப் பார்த்தான். "நல்லாச் செவந்திருக்கு புள்ள" என்றான். அதுதான் கடைசி.

கருமாதி வீட்டில் மூவரும் பழிக்கு நின்றார்கள். "பூட்டைக் கொண்டுவந்தவன் நான்" என்று நாகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "விரலைச் செவக்க வெச்சவ நான்" என்று குயிலி புரண்டாள். அமுதவல்லி, "சாவிய வீட்டை விட்டு அனுப்புனவ நான்தானே" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு, தன் விரல்களைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சிவப்பு மங்கிப் போனபின் ஒருநாள் அவள் அந்தப் பூட்டில் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எத்தனை சுலபமாகத் திறந்துகொண்டது! அவள் வாய்விட்டு அழுதாள். முகில் வந்து முந்தானையைப் பிடித்தான். அவள் அழுதுகொண்டே பூட்டை மறுபடி அழுத்திப் பூட்டினாள்.

கேட்டவர்களே, சொல்லுங்கள். இந்த மூவரில் பழி யாருக்கு?

விடை: பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டுக்கும் இடமில்லை. பலாப்பிசின் விரலுக்குத் திறக்காத பூட்டுதான் மருதாணி விரலுக்கும் திறக்கவில்லை. அன்று வாழ்த்திவிட்டு இன்று சபிக்க முடியாது. பழி சொல்லும் உரிமை ஒருவனுக்கே இருந்தது. அந்தக் கையைக் கண்டதும் பூட்டு ஏன் திறக்கவில்லை என்பது அவனுக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் அந்தச் சிவப்பை மெச்சிவிட்டுப் போனான். அமுதவல்லிக்கும் இந்த விடை தெரியும், அதனால்தான் மறுபடி பூட்டினாள். விடை தெரிந்தால் அழுகை நின்றுவிடுமா என்ன? தள்ளிப்போன கல்யாணம் அடுத்த தையில் நடந்தது. மதினி வைத்தால்தான் ஆயிற்று என்று குயிலி பிடிவாதம் பிடித்ததால் அமுதவல்லியே மருதாணி வைத்தாள். நாத்தனாரின் ஒரு கட்டைவிரலுக்கு மட்டும் வைக்காமல் விட்டாள்.