செவலை தின்னாத காளான் பொடி

காளைப் பண்ணை அதிகாரி டாக்டர் ஞானப்பிரகாசம் நடந்தால், நெஞ்சு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். அவர் ஒரு காளான் பொடி கண்டுபிடித்திருந்தார். அறுபது நாள் தின்றால் காளையின் விந்தணு மீன்குஞ்சு மாதிரித் துள்ளுமாம்.

செவலைக் காளை பொடியை மோந்தது, தும்மியது, தொட்டியையே முட்டிக் கவிழ்த்தது.

தீனி வைப்பவள் மாராத்தாள். டாக்டருக்கு மதியச் சோறு ஆக்குவதும் அவள் தலையில்தான். அவளைக் கூப்பிட்டு, "தின்ன வைக்கிறது உன் பாடு. ஒரு சிட்டிகை வீணாப்போனாலும் உனக்கு இங்க வேலை இல்லை" என்று கத்தினார்.

அறுபதாம் நாள் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர், "அடேயப்பா, செவலையோடதா? என்ன வேகம்!" என்றார்.

"எல்லாம் என் பொடி!" டாக்டரின் நெஞ்சு இன்னும் ஒரு சாண் முன்னால் வந்தது.

"இல்லீங்க" என்றாள் மாராத்தாள். "செவலை அதை நாக்குலகூட வைக்கலீங்க. பச்சைச் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் போட்டு, தினமும் வாய்க்கால்ல நீந்த விட்டேனுங்க."

"அப்போ பொடியைக் கொட்டிட்டியா?" டாக்டர் பாய்ந்தார்.

"உங்க பேச்சை மீறுவேனுங்களா? ஒரு சிட்டிகை வீணாக்கலீங்க. தினமும் உங்க ரசத்துலதான் போட்டேன். நீங்களும் ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே."

மேலதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அப்போ இந்தப் பொடி வேலை செய்யுமா, செய்யாதாம்மா?"

மாராத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதை எனக்கெப்படீங்க தெரியும்? டாக்டர் வீட்டு அம்மாவைத்தானுங்க கேக்கோணும்."