வேம்பாயி சுட்ட நத்தை

ஒரு ஊர்ல ஒரு சுண்ணாம்புக்காரி இருந்தாளாம், பேரு வேம்பாயி. குளத்துல நத்தை ஓட்டைப் பொறுக்கியாந்து, சூளையில சுட்டு, சுண்ணாம்பாக்கிக் குடுப்பா. ம் கொட்டுடி மயிலு, நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசுறேன்?

அவ ஆத்தா சாகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம். வெறும் ஓட்டைத்தான் சுடணும், உசுரு உள்ளதைக் குளத்துலயே விட்டுரணும்னு. வேம்பாயி தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தா.

அப்புறம் ஒரு வருசம் மழையே இல்ல. குளம் பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு. மண்ணைத் தோண்டுனா கூடை கூடையா நத்தை. ஆனா ஒவ்வொண்ணும் வாயில மூடியை இறுக்கிச் சாத்திக்கிட்டுக் கிடக்கு. வெறும் ஓடுன்னா வாய் திறந்துல்ல கிடக்கும்? உள்ள உசுரு இருக்குமோன்னு வேம்பாயி கூடையைக் கீழே வச்சுட்டா.

அப்போ பண்ணையாரு வந்தாரு. மக கல்யாணம், வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம். இவ தயங்குறதைப் பார்த்துட்டு, "உசுருன்னா அசையணும், தின்னணும், மூச்சு விடணும். மூணும் இல்லேன்னா அது கல்லு"ன்னாரு. பெரிய மேதாவி, வாயில நல்லா வருது எனக்கு.

வேம்பாயி ஒரு நத்தையை எடுத்தா. உலுக்குனா, அசையல. கீரையை வச்சா, தொடல. காதுல வச்சுக் கேட்டா, ஒரு சத்தமும் இல்ல. அந்த ஒண்ணைப் பார்த்துட்டு, அதைக் கூடையில போட்டு, அத்தனையையும் சூளையில கொட்டிட்டா பாவி.

துருத்தி புஸ்ஸு புஸ்ஸுன்னுச்சு. உள்ளே டப், டப்புன்னு வெடிச்சுது. வெறும் ஓடு இப்படி வெடிக்காதுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் துருத்தியை மிதிச்சா.

ம்?

சாயங்காலம் தண்ணி குடிக்கப் போனா. கசியுற பானைக்கு அடியில, ஈர மணல்ல, கூடையிலேருந்து உருண்டு விழுந்த நத்தை ஒண்ணு. மூடியைத் திறந்து, ரெண்டு கொம்பையும் நீட்டி, மெள்ள மெள்ள நகருது. தூங்கியிருக்குடி, மழை வர்ற வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு.

"ஒரு கை தண்ணி தெளிச்சுப் பார்க்கலையே ஆத்தா"ன்னு அப்படியே உக்காந்துட்டா. சூளையில வெடிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல.

கல்யாணம் ஜோரா நடந்துச்சு. வீடு பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் மழையும் பேஞ்சு குளமும் நிரம்புச்சு. அந்த ஒத்தை நத்தையைத் தண்ணியில விட்டா. நாளும் பொழுதும் கரையில ஈரமண்ணைக் கிளறி, முட்டை இருக்கான்னு தேடுவா. ஒத்தையில கிடக்குறது எங்கே போயி முட்டை வைக்கும்?

மயிலு? அசையல, ம்முன்னும் கொட்டல. தூங்கு, தூங்கு. சூளையும் ஆறிருச்சு, கதையும் ஆறிருச்சு. விடிஞ்சதும் மூஞ்சில தண்ணி தெளிச்சு நானே எழுப்புறேன்.