நாற்பது நீலக் கதவுகள்

முன்னொரு காலத்தில் கானல்வேலி நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் ஆசை வந்துவிட்டால் அன்றைக்கே நடந்தாக வேண்டும். போன மாசம் கிளி வளர்க்கிற ஆசை வந்து, அரண்மனை பூராவும் எச்சம். இந்த மாசம், அரண்மனையில் உழைத்து ஓய்ந்த வயசாளிகளுக்கு ஒரு மாளிகை கட்டுகிற ஆசை.

கட்டுகிற பொறுப்பு அரண்மனைச் சிற்பி தில்லைநாயகத்துக்கு வந்தது. குளத்தைச் சுற்றி வட்டமாக நாற்பது அறை கட்டினான். நாற்பதுக்கும் ஒரே நீலக் கதவு. நாலு திசைக்கும் நாலு வாசல், அதுவும் அச்சில் வார்த்தது போல.

"எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அழகு, மகாராஜா" என்றான்.

"அழகுதான். ஆனாலும் பேச்சியம்மை வைக்கிற புளிக்குழம்புக்கு ஈடாகுமா?" என்று ராஜா விளையாட்டாகச் சொல்ல, சபை சிரித்தது. தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

பேச்சியம்மை ஐம்பது வருஷம் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தவள். புது மாளிகையில் அவளுக்கும் ஒரு அறை கொடுத்தார்கள். கொடுத்து என்ன? குளத்தில் கால் கழுவிவிட்டுத் திரும்பினால் தன் கதவு எதென்று தெரியவில்லை. ஒரு நாள் யானைப்பாகன் மாடசாமியின் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் மாடசாமி வந்து இவள் கட்டிலில் படுத்திருந்தார். எல்லாருக்கும் இதே பாடு. வெட்கப்பட்டுச் சிலர் வெளியே வருவதையே விட்டுவிட்டார்கள். 'எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சோ' என்று பேச்சியம்மைக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

விஷயம் தில்லைநாயகத்தின் காதுக்கு எட்டியது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா?

"மகாராஜா, கிழடுகளுக்குப் புத்தி கலங்கிவிட்டது. பேச்சியம்மைக்கு ரொம்பவே. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்து அடைத்துவிடுவதுதான் பத்திரம்."

"பத்திரம் என்றால் செய்துவிடு" என்றான் ராஜா.

நாற்பது கதவிலும் தாழ்ப்பாள் ஏறியது. நாளை முதல் அடைப்பு என்று கேட்டதும் பேச்சியம்மை நேராகச் சபைக்கு நடந்தாள்.

"ராஜா, ஐம்பது வருஷம் உங்களுக்கு நேரத்துக்குச் சோறு போட்டவ கேக்கிறேன். தில்லைநாயகம் ஐயா என் அறையிலேருந்து என் கரண்டியை எடுத்துக் கொடுக்கட்டும். அறையை நானே ஒரு தடவை காட்டுறேன். எடுத்துட்டா, நானே உள்ளே போய் உட்கார்ந்துக்கிறேன், தாழ்ப்பாளைப் போடுங்க."

"நான் கட்டிய வீடு, அம்மா" என்று தில்லைநாயகம் மீசையைத் தடவினான்.

பேச்சியம்மை அவனை அழைத்துப் போய் அறையைக் காட்டினாள். வாசலுக்கு இடப்பக்கம் ஏழாவது கதவு என்று அவனும் எண்ணிக்கொண்டான். பிறகு குளத்து நடுமண்டபத்தில் ராஜாவுக்கும் அவனுக்கும் இலை போட்டு, புளிக்குழம்பு ஊற்றி, மறுசோறும் வைத்தாள்.

"இப்ப போய் எடுத்துட்டு வாங்க, ஐயா."

தில்லைநாயகம் எழுந்து சுற்றிப் பார்த்தான். ஏழாவது கதவுதான், சரி. எந்த வாசலுக்கு ஏழாவது? குத்துமதிப்பாக ஒரு பக்கம் போய்த் திறந்தான். மாடசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாசலுக்குப் போனான். அங்கே சங்கிலி என்கிற முரசுக்காரர் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "கதவைச் சாத்துமய்யா" என்றார். வேர்த்து விறுவிறுத்துச் சுற்றிவந்து இன்னொரு கதவைத் திறந்தால், மறுபடியும் மாடசாமி.

அவர் விழித்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்குமா?" என்று பரிவோடு கேட்டார்.

மண்டபத்தில் ராஜா விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் வாடிப்போயிற்று.

"நீ கட்டிய வீட்டில் நீயே தொலைந்துவிட்டாய், தில்லைநாயகம். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன். தாயே, என்ன செய்யலாம்?"

தன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததில் பேச்சியம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இடிக்க வேண்டாம், ராஜா. அவங்கவங்க கதவிலே அவங்கவங்க பொருளை மாட்டினாப் போதும். மாடசாமி அண்ணனுக்கு யானைமணி, சங்கிலிக்கு முரசுக்குச்சி, எனக்குக் கரண்டி. வாசல்படியைத் தாழ்த்துங்க, முழங்கால் கெஞ்சுது. அப்புறம் ஒரு அடுப்பு வேணும். சும்மா இருந்து தின்னா செரிக்கலை."

அன்றைக்கே மாளிகை நிர்வாகம் பேச்சியம்மை கைக்கு வந்தது. தில்லைநாயகம் தன் கையாலேயே நாற்பது தாழ்ப்பாளையும் கழற்றி, காலியாக இருந்த ஒரு அறையில் ஒரு மாசம் தங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அவன் கதவில் மாட்ட அவனுக்கென்று ஒரு பொருளும் அகப்படவில்லை. வயசாளிகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் காலையில் அவன் கால் கழுவிவிட்டு வந்தபோது, ஒரு கதவில் கழற்றிய தாழ்ப்பாள் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்துத்தான் அந்த ஒரு மாசமும் வழி தவறாமல் அவன் தன் அறைக்குப் போய்ச் சேர்ந்தானாம்.