நாற்பது நாள் வேவு

"என் இடத்தை எவனோ கெடுத்துட்டான்" என்றான் செம்பன்.

மாரக்காள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்பு ஒன்றை நெருப்பில் காட்டிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்குதா தங்கச்சி? எவனோ கெடுத்துட்டான். மான் வரல."

"இன்னைக்குத்தானே வேட்டை தொடங்கியிருக்கு. ஒரு காலைப்பொழுதுதானே ஆச்சு அண்ணே."

"வராது. இன்னும் நாலு நாளும் வராது. எனக்குத் தெரியும்."

"அது தெரிஞ்சா பாதி வேடன் ஆயிட்டீங்க."

செம்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு பெண்ணாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பான். இவளிடம் பாடம் கேட்க வந்த தோஷம், வாயை மூடிக்கொண்டான்.

அந்த மலையில் வேட்டை வருடத்துக்கு ஐந்தே நாள். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் விடியலில் தொடங்கும். ஒரு வில்லுக்கு ஒரு மான். ஆவணியிலேயே அவரவர் ஒரு மரத்தில் நார் கட்டி இடம் பிடித்துக்கொள்வார்கள். நார் கட்டிய இடத்தைக் கெடுத்தவன் தன் வில்லைக் கொண்டுவந்து அம்மன் கோயில் மரத்தில் ஒரு வருடம் தொங்கவிட வேண்டும். இது ஒரு சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. தொடர்ந்து மூன்று வருடம் வெறுங்கையோடு வந்தவன் அதன்பின் வில்லையே தொடக்கூடாது. தினைப்புனத்துக்குப் போய்க் கிளி ஓட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே கிளி ஓட்டுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள்.

செம்பன் இரண்டு வருடம் வெறுங்கையோடு வந்துவிட்டான். வயது நாற்பத்தாறு.

குறி தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அறுபது அடி தூரத்தில் தொங்கும் சுரைக்காயின் காம்பை அறுப்பான். ஆனால் சுரைக்காய்க்குக் காது இல்லை, மூக்கு இல்லை, ஓடக் காலும் இல்லை. மானை வில்லால் அடிக்க வேண்டுமானால் இருபது அடிக்குள் அது வந்தாக வேண்டும். செம்பனிடம் அது வரமாட்டேன் என்றது.

அதனால்தான் புரட்டாசியில் மாரக்காளிடம் வந்தான். அவள் அவனைவிட எட்டு வயது இளையவள். பதினோரு வருடமாக வருடத்துக்கு ஓர் அம்புதான் விட்டிருக்கிறாள், பதினோரு மான். "சொல்லிக் கொடு" என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

"வேவு பாக்குறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு" என்றான்.

"எதிர்ப்பாறையில உக்காந்து பாருங்க. உங்க இடத்துக்குள்ள நாலு தடவைக்கு மேல போகாதீங்க. போனா உச்சிப்பொழுதுல, மழை தூறும்போது போங்க. கடைசிப் பத்து நாள் அந்தப் பக்கம் தலையே வெக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கஞ்சத்தனம் என்று நினைத்தான் செம்பன். வித்தையை ஒளித்துவைக்கிறாள் என்று நினைத்தான். நாலு தடவை பார்த்து எவன் எதைத் தெரிந்துகொள்வான்? பத்து மடங்கு உழைத்துக் காட்டுகிறேன் என்று நாற்பது நாள் போனான்.

இப்போது அந்த நாற்பது நாளையும் அவள் முன்னால் கொட்டினான்.

"ஆறு கிளைக் கொம்புக் கடமான் தங்கச்சி. அது எந்த மரத்துல கொம்பு தேய்க்குதுன்னு தெரியும். எந்தச் சேத்துல புரளுதுன்னு தெரியும். இடது முன்னங்காலுல குளம்பு சில்லு தெறிச்சிருக்கு, அதுவும் தெரியும். என் பொண்டாட்டியைவிட அதை எனக்கு நல்லாத் தெரியும்."

"அண்ணி காதுல விழப்போகுது."

"விளையாடாதே. மொதல்ல தினம் சாயங்காலம் வந்துச்சு. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அப்புறம் வெளிச்சத்துல வர்றதே இல்ல. இன்னைக்கு வரவே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்? எவனோ உள்ள புகுந்திருக்கான்."

"யாரு?"

"பொன்னாண்டி. வேற யாரு? ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் இடம். போன வருஷம் நான் வெறுங்கையோட வந்தப்போ, நடுத்தெருவுல நின்னு கிளி மாதிரி கத்திக் காட்டினவன் அவன்தான்."

"கத்திக் காட்டினது தப்புதான்" என்றாள் மாரக்காள்.

"மூப்பர்கிட்ட சொல்லிட்டேன். பொழுது சாய ஊர் கூடுது. கெடுத்தவன் வில்லு ஒரு வருஷம் தொங்கினாப் பத்தாது, மூணு வருஷம் தொங்கணும்னு கேட்டேன். மூப்பரும் சரின்னுட்டாரு. மூணு வருஷம் தொங்கினா அவன் கதை முடிஞ்சுது. போய்க் கிளி ஓட்டட்டும்."

"அவன் தடம் பாத்தீங்களா?"

"தடம் எதுக்கு? அவன் மூஞ்சியே சொல்லுதே."

மாரக்காள் அம்பைக் கீழே வைத்தாள்.

"தடத்தைப் பாத்துட்டு வந்துரலாம். வாங்க."

செம்பன் இடம் கிழக்கே இருந்தது. அவள் மேற்கே நடந்தாள். மலையின் முதுகுப் பக்கமாக ஏறினாள். வில்லையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிய செம்பனுக்கு மூச்சு வாங்கியது.

"இடம் கீழ இருக்கு தங்கச்சி."

"கெடுத்தவனை மேல இருந்து பாத்தாத்தான் தெரியும்."

பாதி ஏற்றத்தில் நின்றாள். "வெத்தலையைத் துப்புங்க" என்றாள். துப்பினான். அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"நான் வெத்தலை போட்டா மானுக்கு என்ன வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தான்.

அவள் ஒரு சிட்டிகை புழுதியை எடுத்துக் காற்றில் விட்டாள். அது அவர்கள் முகத்திலேயே அடித்தது. சரி என்று தலையசைத்துவிட்டு நடந்தாள்.

உச்சியை நெருங்கும்போது செம்பன் காலில் பட்டு ஒரு கல் உருண்டது. மேலே எதுவோ கனமாக எழுந்து புதரை முறித்துக்கொண்டு போனது. மாரக்காள் திரும்பி அவன் காலைப் பார்த்தாள்.

மேலே நெல்லி மரத்தடியில் கட்டில் அகலத்துக்குப் புல் அமுங்கிக் கிடந்தது.

"தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டான். சூடாக இருந்தது.

பக்கத்தில் நெல்லிக்கொட்டைகள் குவிந்து கிடந்தன. மான் நெல்லிக்காயை மேய்ந்துவிட்டு வந்து படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். கொட்டை கிடக்கும் இடம் அது படுக்கும் இடம். இதைச் செம்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வேடன் வீட்டுப் பிள்ளைதான். குவியலைக் கையால் கிளறினான். மேலே ஈரக் கொட்டை. கீழே காய்ந்தது. அதற்கும் கீழே கறுத்துப்போனது. ஒரு மாதத்துக்குக் குறையாத கொட்டை.

அவன் முகம் சிவந்தது.

"இது இங்க படுக்குதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"எதிர்ப்பாறையில உக்காரச் சொன்னேனே அண்ணே. அங்க உக்காந்திருந்தா மொத நாளே கண்ணுல பட்டிருக்கும்."

"இதுக்குப் பேரு சொல்லிக் குடுக்குறதா?"

"படுங்க" என்றாள் மாரக்காள்.

"என்னது?"

"அது படுத்த மாதிரியே படுங்க. முதுகு மலைப்பக்கம், மூஞ்சி பள்ளத்துப் பக்கம்."

நாற்பத்தாறு வயது ஆள், மூன்று பிள்ளைகளின் தகப்பன், ஒரு பொம்பளை சொல்லி மானைப் போலப் படுப்பதா? படுத்தான். கோபத்தோடுதான் படுத்தான். தாடையைப் புல்லில் வைத்துப் பள்ளத்தைப் பார்த்தான்.

கூப்பிடு தூரத்தில் எல்லாம் தெரிந்தது. ஓடை தெரிந்தது. சேற்றுக்குழி தெரிந்தது. அவன் நார் கட்டிய வேங்கை மரமும் கிளையில் போட்ட பரணும் தெரிந்தன. ஊர்ப்பக்கமிருந்து அந்த மரத்துக்கு ஒரு தடம் வந்தது. மாட்டு மந்தை போன வழியைப் போலப் புல் செத்து மண் வெளுத்திருந்தது.

செம்பன் தலையைத் தூக்கினான்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? தடத்தைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்ன திமிரு பாத்தியா. ஒளிஞ்சுகூடப் போகல. அப்பன் வீட்டுக்குப் போற மாதிரி நேரா நடந்திருக்கான். ஒரு நாள் ரெண்டு நாள் நடந்த தடமா இது? தினம் தினம் நடந்திருக்கான்."

"ஆமா, தினமும்தான்."

"கிளையைப் பாரு, பாக்குறதுக்கு மறைக்குதுன்னு வரிசையா ஒடிச்சுப் போட்டிருக்கான். அந்த வெள்ளைப் பாறையைப் பாரு. மேலெல்லாம் வெத்தலை எச்சில். துப்பிச் செவப்பாக்கி வெச்சிருக்கான். காட்டெருமைகூட இப்படி நடக்காது. மனுசனா இவன்? இவனுக்கு மூணு வருஷம் பத்தாது. இவன் கையில வில்லைக் குடுத்ததே..."

வெயில் ஏறியிருந்தது. பள்ளத்துக் காற்று மலையேறத் தொடங்கியது. புல்லோரமாகத் தவழ்ந்து வந்து செம்பன் மூக்கில் பட்டது. வெற்றிலையும் புகையிலையும் வேர்வையும் கலந்த வாடை.

பரணில் மஞ்சளாக ஏதோ ஆடியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒரு துண்டு.

அவன் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் துண்டு இல்லை.

வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை.

மாரக்காள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு தடவைன்னு சொன்னியே" என்றான் கடைசியில், புல்லைப் பார்த்தபடியே. "ஏன் நாலுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?"

யோசித்தான்.

"மாட்டேன்" என்றான். அதையும் கோபமாகத்தான் சொன்னான்.

இறங்கும்போது அவன் மனம் சும்மா இருக்கவில்லை. மான் படுக்கும் இடம் இப்போது தெரிந்துவிட்டது. காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்துவிட்டது. நாளை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, மறுநாள் உச்சிப்பொழுதில் மலையின் முதுகுப் பக்கமாக, கல் உருளாமல் வந்தால் இருபது அடி என்ன, பத்தடியில் கிடைக்கும். கிளியும் வேண்டாம் புனமும் வேண்டாம். வேண்டியது ஒன்றே ஒன்று. வில் கையில் இருக்க வேண்டும்.

'யாருன்னு தெரியல மூப்பரே' என்று சொன்னால் போதும். யாரும் பொய் என்று சொல்லப்போவதில்லை. மாரக்காள் வாயைத் திறக்கிற ரகம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவன் ஊர் வரும்வரைக்கும் ஏழெட்டுத் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது.

பொழுது சாய்ந்தபோது அம்மன் கோயில் மரத்தடியில் ஊர் கூடியிருந்தது.

பொன்னாண்டி நடுவில் நின்றான். அவனே வில்லைக் கொண்டுவந்திருந்தான். மத்தியானத்துக்குள் செய்தி வீடு வீடாகப் போயிருந்தது. அவன் பெண்டாட்டியிடம் தண்ணீர்த் துறையில் ஒருத்தியும் பேசவில்லை. அவள் இடுப்பில் பிள்ளையோடு ஓரமாக நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் பக்கமே போகல மூப்பரே" என்றான் பொன்னாண்டி. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். "நாலு தலைமுறையா நாங்க அடுத்தவன் நாரைத் தாண்டினது இல்ல. கிண்டல் பண்ணினேன், அது நிசம். அதுக்காக என்னைத் திருடன்னு சொல்லுவானா இவன்? அவன் பிள்ளை தலையில கை வெச்சுச் சொல்லச் சொல்லுங்க."

மூப்பர் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது.

"செம்பா. நீ குடுத்த புகார். உன் இடத்தைக் கெடுத்தது யாரு?"

செம்பன் வாயைத் திறந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நுனிநாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் பொன்னாண்டியின் வில் தப்பிக்கும். பேர் தப்பிக்காது. இன்னும் பத்து வருடம் கழித்தும் அவன் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருவன் இதைச் சொல்லிக்கொண்டிருப்பான். பொன்னாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று செம்பனுக்குத் தெரியும். காலையில் அவனும் அப்படித்தான் கொதித்துக்கொண்டிருந்தான்.

மரத்தடிக்கு நடந்தான். தோளிலிருந்து வில்லை எடுத்தான். நாணைத் தளர்த்தினான். கிளையில் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினான்.

கூட்டம் சளசளத்தது. மூப்பருக்குப் புரியவில்லை.

"என்னடா பண்றே? நான் கேட்டது கெடுத்தவனை."

"அவன் வில்லுதான் இது."

"மூணு வருஷம்னு நீதானேடா கேட்டே?"

"நான்தான் கேட்டேன்."

மூப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூப்பராக இருந்த அத்தனை வருடத்தில் தன்மேல் தானே புகார் சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை.

"உன் இடத்தை நீயே கெடுத்தியா? இதை எவன் நம்புவான்? நீ கெடுத்ததைப் பாத்தது யாரு?"

காலையில் அவனோடு மலையேறிய மாரக்காளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மான்" என்றான் செம்பன், கோபம் இன்னும் தணியாமல்.