குகைக் கூனி

இசக்கிராஜ் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டி பேராசிரியை ஜெபக்கனி, வயதில் சின்னவர். இசக்கிராஜ் அவரை மேடம் என்பார். ஜெபக்கனி இவரை சார் என்பார்.

உளிப்பாறை ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் அடியில் ஒரு குகை, குகைக்குள் ஒரு சுனை. மழைக்காலத்தில் சுனை பெருகினால் தண்ணீர் பாறை இடுக்குகள் வழியே கசிந்து, வெளியே ஓடையாகும். ஓடை ஒரு குளத்தில் போய் முடியும். கோடையில் இரண்டும் காய்ந்துவிடும். சுனை மட்டும் வற்றாது.

அந்தச் சுனையில் சின்னஞ்சிறு கூனி இறால்கள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, குடல் வெளியே தெரியும்படி. ஓடையிலும் கூனி உண்டு. அது பழுப்பு. இந்தக் கூனிகளைத்தான் இசக்கிராஜ் ஆராய்ந்துவந்தார்.

குன்றை உடைத்து சிமெண்டுக்குக் கல்லெடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஓடைத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள் இசக்கிராஜைத் தேடி வந்தார்கள். உலகம்மாள் என்ற பெண் கேட்டாள்.

"வேற எங்கயும் இல்லாத உயிர் இருந்தா குன்றைத் தொட மாட்டாங்களாமே சார்?"

"இருக்கு," என்றார் இசக்கிராஜ்.

அதன்பிறகுதான் சுனைக் கூனியையும் ஓடைக் கூனியையும் மரபணு சோதனைக்குக் கொடுத்தார். முடிவு வந்ததும் ஜெபக்கனியின் அறைக்குப் போனார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். ஊர் ஊருக்கு இருக்கிற சாதாரணக் கூனி."

"சரி."

"நான் அவங்ககிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

ஜெபக்கனி சோதனை முடிவை வாங்கிப் படித்தார்.

"நிறம் வேறதானே? உடம்பை மட்டும் வச்சுப் புது இனம்னு எழுதிடலாமா? அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான எழுதினாங்க? மரபணுவைப் பத்திப் பேசாம விட்டுட்டா..."

ஜெபக்கனி எழுந்தார். இருட்டறைத் தொட்டியிலிருந்து சில வெள்ளைக் கூனிகளை வலையில் அள்ளிவந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டார். கொஞ்சம் கூழாங்கல்லும் பாசியும் போட்டு ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தார்.

"இதைப் பாத்துக்கிடுங்க சார். அப்புறம் பேசலாம்."

இசக்கிராஜ் பார்த்துக்கொண்டார். தோலுரித்துத் தோலுரித்துக் கூனிகளின் வெள்ளை மங்கியது. சில வாரங்களில் எல்லாமே பழுப்பாகிவிட்டன.

"இப்ப இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்றார் ஜெபக்கனி.

இசக்கிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப குன்று போச்சு மேடம்."

"நீங்க மரபணுகிட்ட என்ன கேட்டீங்க?"

"சுனைக் கூனி வேற இனமான்னு."

"அது பதில் சொல்லிட்டுது. வேற ஏதும் கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டுப் பாருங்க."

ஒரே இனத்துக்குள்ளும் மரபணுவில் சிறுசிறு வித்தியாசங்கள் உண்டு. அவற்றை வைத்துக் குடிவழி பிரிக்கலாம். உதவாது என்று ஒதுக்கியிருந்த அந்த வித்தியாசங்களை இசக்கிராஜ் மறுபடி எடுத்தார். சுனையில் பல குடிவழிகள் இருந்தன. இந்த வருஷத்து ஓடையில் இரண்டே இரண்டு. போன வருஷம் ஓடையில் பிடித்தவற்றைப் பார்த்தார். அதிலும் சில குடிவழிகளே, ஆனால் அவை வேறு. எல்லாமே சுனையில் இருந்தவை.

அன்று அவர் சாப்பிடப் போகவில்லை. நேரே ஜெபக்கனியிடம் வந்தார்.

"ஓடைக்குன்னு சொந்தமா ஒரு குடிவழிகூட இல்ல மேடம். கோடையில அங்க எல்லாம் செத்துப்போகுது. மழைக்குச் சுனையிலிருந்து புதுசா வருது. வருஷா வருஷம்."

"அதை எழுதுங்க."

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி கேட்டார்.

"இது புது இனமா?"

"இல்லைங்க."

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற இடத்துல கிடைக்குமா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"கிடைக்கும்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இசக்கிராஜ் உட்காரவில்லை.

"ஓடையில இருக்கிற கூனி அத்தனையும் குகையிலிருந்து வந்ததுங்க. வந்துக்கிட்டும் இருக்கு. அது வர்ற வழி பாறைக்குள்ள இருக்கு. தண்ணியும் அதே வழியாத்தான் வருது."

"எந்த இடத்துல அந்த வழி?" என்றார் அதிகாரி.

"அது யாருக்கும் தெரியாதுங்க. உடைச்சா தெரியும். ஆனா அப்ப வழி இருக்காது."

அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

தண்ணீர் வரும் வழி தெரியும்வரை குகைப் பக்கம் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. குன்றின் மறுபக்கம் கம்பெனிக்குக் கிடைத்தது.

"பாதியாவது நின்னுதே," என்றாள், இருவரையும் பார்க்க வந்த உலகம்மாள். பஸ் ஏறிப் போனாள்.

இசக்கிராஜ் அவள் போன திசையைப் பார்த்தபடி நின்றார்.

"அது மட்டும் புது இனமா இருந்திருந்தா," என்றார், "முழுக் குன்றும் நின்னிருக்கும் மேடம். எனக்கும் ஒரு பேரு கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்," என்றார் ஜெபக்கனி. "ஓடைப் பக்கம் திரும்பியே பாத்திருக்க மாட்டீங்க."