முன் சக்கரத்து உள் நட்டு

“பாப்பா, இன்னுங் கொஞ்சம் இறுக்கவா?”

“போதும்க்கா.”

வெள்ளைத்தாய் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

டக்கென்று போல்ட் முறிந்து, தலை மட்டும் கையோடு வந்தது. காலையிலிருந்து அது மூன்றாவது.

ரஹ்மத்நிஷா கோபப்படவில்லை. எழுந்து வந்து வெள்ளைத்தாயின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். அதைவிடக் குட்டையான ஒன்றைக் கொடுத்தாள்.

“இது ஒரு சாண்கூட இல்லையே பாப்பா?”

“இதுலயும் முறிஞ்சா, இதவிடச் சின்னது ஒண்ணு இருக்கு.”

சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது வயது. குருவுக்கு இருபத்தேழு. சிஷ்யை குருவைப் பாப்பா என்றாள், குரு சிஷ்யையை அக்கா என்றாள். மலையடிவாரத்தில் ரோட்டோரமாக ரஹ்மத்தின் அப்பா, அவள் வாயில் அத்தா, போட்ட மெக்கானிக் கொட்டகைதான் குருகுலம்.

வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய குட்டி ஜீப். ஒரு எஸ்டேட் கொல்லையில் எட்டு வருஷம் கோழி அடைந்து கிடந்தது. “இழுத்துட்டுப் போனா ஒனக்கு” என்று மேனேஜர் விளையாட்டாகச் சொன்னார். வெள்ளைத்தாய் மறுநாளே டிராக்டரோடு போய் நின்றாள். கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது பின் சீட்டில் ஒரு முட்டை இருந்தது, உடையாமல்.

“சகுனம் நல்லாருக்கு பாப்பா.”

“பிரேக்கு இல்லக்கா” என்றாள் ரஹ்மத்.

வெள்ளைத்தாய்க்கு ஜீப் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. மேலே மூங்கில்பள்ளத்தில் இருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கே சத்துணவு சமைத்தவள் அவள். அங்கே படித்தது ஒன்பது பிள்ளைகள். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர ஆறு மைல், அதுவும் காட்டுமாடு திரிகிற பாதை. ‘புள்ளைகள யாரும் நிறுத்திராதீங்க, ஜூன் மாசம் நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று ஊர் நடுவில் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த அன்றைக்கு அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

எட்டு வீட்டார் சரி என்றார்கள்.

ஒன்பதாவது பிள்ளை கனிஷ்கா. வெள்ளைத்தாயின் சொந்த அண்ணன் மகள். அண்ணன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டாள்.

“ஒங்கண்ணனக் கொண்டுபோனதே ஜீப்பு. எம்புள்ளைய அதுல ஏத்த மாட்டேன். அவ ஆடு மேச்சாலும் சரி.”

அண்ணன் வாடகைக்கு ஜீப் ஓட்டியவன். ஐந்து வருஷத்துக்கு முன்பு மலை இறங்கும்போது முன் சக்கரம் கழன்று, வண்டி பள்ளத்தில் விழுந்தது. நட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று ஊரே பேசியது. மதினி அதை நம்பினாள். வெள்ளைத்தாயும் நம்பினாள்.

அதனால்தான் போல்ட்டுகள் முறிந்தன.

*

காலையில் கண்மாய்ப் பொட்டலில் ஓட்டப் பழகினாள். ரஹ்மத்தின் வண்டி, ரஹ்மத் பக்கத்தில். ஸ்டியரிங்கை வெள்ளைத்தாய் பிடித்த பிடியில் ஒரே வாரத்தில் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன.

“கை எரியுது பாப்பா.”

“ஸ்டியரிங்கு எங்கயும் ஓடிப் போயிராதுக்கா. நட்டுப் போட்டுத்தான் மாட்டியிருக்கு.”

“அந்த நட்ட இறுக்கியாச்சா?”

ரஹ்மத் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, பெருமூச்சை அடக்கினாளா என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஜீப் வேலை. துரு சுரண்டுவது, மண்ணெண்ணெயில் கழுவுவது, கழற்றின வரிசையிலேயே பழைய பேப்பரில் அடுக்கி வைப்பது. மே மாதம் பாதி போயிற்று. பிரேக் பிடித்தது. எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது. பிறகு முன் சக்கரத்துக்கு வந்தார்கள்.

வலது பக்கத்தை ரஹ்மத் மாட்டிக் காட்டினாள். இடது பக்கத்தை வெள்ளைத்தாயிடம் விட்டாள்.

“பேரிங்குல கிரீஸ் அடைங்க. உள் நட்டப் போடுங்க. இப்ப முழுசா இறுக்குங்க.”

வெள்ளைத்தாயின் முகம் மலர்ந்தது. குரு வாயிலிருந்து ‘முழுசா’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

“சக்கரத்தச் சுத்திவிடுங்க. நல்லா. ம், இப்ப நட்டத் தளர்த்துங்க.”

“என்னது?”

“தளர்த்துங்க. கால் சுத்துக்கும் கம்மியா. அப்புறம் இந்தத் தகட்டப் போட்டு, அதுக்கு மேல வெளி நட்டப் போட்டு அது அசையாமப் பூட்டிருங்க.”

“இறுக்குனத எதுக்குப் பாப்பா தளர்த்தணும்?”

“சக்கரத்த எதுக்குக்கா மாட்டுறோம்?”

“கழண்டு போச்சுன்னா?”

“தொழுகைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு ரஹ்மத் கை கழுவப் போனாள்.

வெள்ளைத்தாய் நல்ல சிஷ்யை. குரு சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்தாள். குருவின் தலை மறைந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினாள். ஸ்பேனர் குட்டையாக இருந்ததால் அதில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டாள். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, உள் நட்டு இனி நகராது என்கிறவரை இறுக்கினாள். தகட்டைப் போட்டு, பூட்டி, மூடியை மாட்டித் துடைத்தும் வைத்தாள்.

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

*

மறுநாள் காலை ஜீப்பின் முகத்தில் சிவப்பு எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு, முதல் தடவையாக மலை ஏறினார்கள். வெள்ளைத்தாய் ஓட்டினாள். முதல் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் ஒரு தடவை நின்றது. இரண்டாவதில் நிற்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்.

“வண்டி எடது பக்கமா இழுக்குது பாப்பா.”

“ம்.”

“ஏதோ தீயிற வாடையும் வருது.”

“ம். ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினாள். இருவரும் இறங்கினார்கள்.

“வலது சக்கரத்துக்கு நடுவுல கை வைங்க.”

வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“எடது சக்கரத்துக்கு.”

வைத்தவள் “ஆத்தாடி!” என்று கையை உதறினாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

“அது நான் மாட்டினது. இது?”

“நான்.”

“நான் சொன்ன மாதிரியா?”

சிஷ்யை தார் ரோட்டைப் பார்த்தாள்.

“கொழாய் போட்டேன் பாப்பா.”

ரஹ்மத் வண்டிக்குப் போனாள். முன் சீட்டிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை நீட்டினாள். சக்கரம் ஆறுகிறவரை மைல் கல்லில் ஒருத்தியும் மதகுச் சுவரில் ஒருத்தியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் பழத்தைக் கடிக்காமல் கையிலேயே உருட்டினாள்.

“திட்டவாவது செய்யி.”

ரஹ்மத் விதையைத் துப்பினாள்.

“ஒங்கண்ணன் வண்டியப் பள்ளத்துலருந்து தூக்கி எங்க கொட்டகைக்குத்தான் கொண்டாந்தாங்க. அத்தாவும் நானுந்தான் பிரிச்சோம்.”

வெள்ளைத்தாய் நிமிர்ந்தாள்.

“நட்டு கழண்டு போயிருந்துச்சா?”

“இல்ல. ரெண்டு நட்டும் போட்டது போட்ட எடத்துல இருந்துச்சு.”

“பெறகு?”

“பேரிங்கு சுத்த எடமில்லாம வெந்து பொடிஞ்சு போயிருந்துச்சு. நட்டு நின்ன எடத்துலயே நின்னுச்சு. சக்கரந்தான் அதத் தாண்டி வெளிய போயிருச்சு.”

“யாரு மாட்டுனது?”

“அவரேதான். மழை வருது, எல்லாத்தையும் ஒரு இறுக்கு சேத்து இறுக்கிட்டேன்னு அத்தாகிட்டச் சொல்லிட்டுப் போனாராம். அதுக்கு மூணாம் நாளு.”

வெள்ளைத்தாய் அழுதாள். ஐந்து வருஷமாக முகம் தெரியாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தவள். திட்டுவதற்கு இனி ஆள் இல்லை. சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல பாப்பா?”

“சொல்லியிருந்தா கொழாயக் கீழ வச்சிருப்பீங்களா?”

வைத்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

*

திண்டுக்கல்லில் இருந்து புதுப் பேரிங் வந்தது. கருகின பழையதை ரஹ்மத் தூக்கிப் போடவில்லை. வெள்ளைத்தாயின் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னாள்.

பிறகு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, சக்கரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளைத்தாய் கிரீஸ் அடைத்தாள். இறுக்கினாள். சுற்றினாள். தளர்த்தினாள். பூட்டினாள்.

“சரியா இருக்கான்னு பாரு பாப்பா.”

“நான் பாக்க மாட்டேன்.”

“நீ பாக்காம வேற யாரு பாக்கிறது?”

“தெனமும் மலை ஏறப் போறது யாரு?”

வெள்ளைத்தாய் திரும்பக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். ஒரு தடவை இறுக்கம் கூடி, சக்கரம் நாலு சுற்றில் நின்றது. ஒரு தடவை தளர்ந்து போய் கடகடவென்று ஆடியது. டீக்கடைக்காரர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, “என்னத்தா, மாட்டுறியா கழட்டுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஏழு தடவை ஆயிற்று.

எட்டாவது தடவை சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். ஓடி நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் மூடியைப் போட்டாள்.

ரஹ்மத் அப்போதுதான் திரும்பினாள்.

“டீ சொல்லவாக்கா?”

*

லைசென்ஸ் டெஸ்டில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைத்தாய் நிறுத்தினாள், எடுத்தாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

பள்ளி திறந்த அன்று மூங்கில்பள்ளத்தில் எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினாள். ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. இறங்கி நின்றாள்.

பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். கனிஷ்கா அம்மாவின் பின்னால் நின்றது. யூனிபாரம் போட்டிருந்தது. தலை பின்னி, ரிப்பனும் கட்டியிருந்தது. யார் கட்டிவிட்டார்கள் என்று வெள்ளைத்தாய் கேட்கவில்லை.

“சக்கரத்தையெல்லாம் நல்லா இறுக்கிட்டியா?”

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை ஏறிவிடும், ஒன்பதும் பள்ளிக்கூடம் போய்விடும். எட்டுப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தன.

“இல்ல மதினி. இறுக்கிட்டு, கொஞ்சம் தளர்த்தித்தான் பூட்டியிருக்கேன்.”

பஞ்சவர்ணத்தின் முகம் செத்துப்போயிற்று. பிள்ளையை இழுத்துச் சேலையோடு அணைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சேவா செஞ்ச?”

“தெரிஞ்சேதான்.”

“ஒங்கண்ணன் செத்தது மறந்து போச்சா ஒனக்கு?”

அண்ணன் வண்டியின் கதை வெள்ளைத்தாயின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். இருக்கிற பாரம் போதாதென்று அதை வேறு மதினி தலையில் வைப்பானேன்?

பிள்ளைகளை இறங்கச் சொன்னாள். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஜாக்கியைப் போட்டு இடது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். சக்கரத்தை எஞ்சினோடு கோக்கிற நடுக் குமிழைத் திருப்பி, அது தனியாகச் சுற்றும்படி விட்டாள்.

“சுத்து மதினி.”

பஞ்சவர்ணம் அசையவில்லை.

“கை வச்சுச் சுத்து. வேணாம்னு தோணுச்சுன்னா புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயிரு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

பஞ்சவர்ணம் வந்தாள். சக்கரத்துக்கு முன்னால் குந்தினாள். முதலில் அதைச் சுற்றவில்லை. டயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஐந்து வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துப் பிடித்து, கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, இடம் வலம் ஆட்டி இழுத்தாள். நகம் ஒன்று முறிந்தது. வண்டியே ஆடியது. சக்கரம் வரவில்லை.

மூச்சு வாங்கியது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் டயரை ஓங்கித் தள்ளினாள்.

சக்கரம் சுற்றியது.

நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் “இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு” என்று எண்ணிக்கொண்டே போனான்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். கையிலிருந்த மண்ணைச் சேலையில் தட்டினாள்.

“சரி சரி, எறக்கு ஜாக்கிய” என்றாள். “மொத நாளே லேட்டாப் போனா வாத்தியாரு என்ன நெனப்பாரு?”