திரைக்குப் பின்னால் ஒரு பன்றி

தேக்கங்காட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் கோரையன் என்ற காட்டுப்பன்றி தன்னந்தனியாக இருந்தது. மற்ற விலங்குகள் எல்லாம் அந்தப் பக்கம். கோரையனோடு யாருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

காரணம் இதுதான். ஒரு கோடையில் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துபோனது. கோரையன் ஒண்டியாக அதைத் தோண்டியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! தோண்டிய வேகத்தில் குளத்தின் கரையே உடைந்து, இருந்த தண்ணீரும் ஓடிப்போனது. செவலை என்ற பெண்மானின் குட்டி தாகத்தில் செத்தது. அன்றே மற்ற விலங்குகள் கோரையனைத் துரத்திவிட்டன.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் காட்டில் கூத்து நடக்கும். கோரையன் கரையை உடைத்த கதைதான். பன்றி வேஷம் கட்டிய நரி எடுத்த எடுப்பிலேயே ஓடிவந்து, கெக்கலித்துக்கொண்டே கரையை உடைக்கும். கூட்டம் சேற்றை வாரி எறியும். அந்தக் கூச்சல் ஓடை தாண்டிக் கேட்கும். கோரையன் காதை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும்.

இந்த ஆண்டு கூத்து எழுதும் பொறுப்பு முள்ளம்பன்றிக்கு வந்தது. வாய்க்கால் தோண்ட வரச்சொல்லி கோரையன் அன்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டதும், தானும் போகாததும் அதற்கு நினைவிருந்தது. நடந்த கதையில் முள்ளம்பன்றி எதையும் மாற்றவில்லை. கரை உடைந்தது உடைந்ததுதான், குட்டி செத்தது செத்ததுதான். ஆனால் தேக்கிலைகளைத் தைத்து ஒரு திரை செய்தது.

இரண்டு குரங்குகள் திரையைப் பிடித்தன. நரி அதற்குப் பின்னால் நின்று, முதலில் பன்றியின் மனசைச் சொன்னது. குளம் வற்றுவதைப் பார்த்துப் பயந்தது, கூப்பிட்டும் யாரும் வராதது, நான் ஒருத்தனே போதும் என்று வீம்பு பிடித்தது, எல்லாம் சொன்னது. அதற்குப் பிறகுதான் திரை விலகியது, கரை உடைந்தது. யாரும் சேறு எறியவில்லை. கூட்டமே தேம்பி அழுதது.

அழுகைச் சத்தம் கேட்டுக் கோரையன் எழுந்தது. எனக்காகவா அழுகிறார்கள்? நெஞ்சு நிறைந்த ஆசையோடு ஓடையைத் தாண்டி வந்தது.

"கரையை உடைச்ச பாவி வந்துட்டான்!" என்று ஒரு குரங்கு கத்தியது. கண்ணைத் துடைத்த கையாலேயே கல்லை எடுத்தது.

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றது. "இப்பத்தானே இவனுக்காக அழுதீங்க?"

"அது கூத்துல வர்ற பன்றிக்கு," என்றது குரங்கு.

கோரையன் தலையைத் தொங்கப்போட்டது. "கூத்துல இருக்கிறவனுக்குத் திரை பிடிக்க ரெண்டு பேர் இருக்காங்க. எனக்கு யாரு இருக்கா?"

முள்ளம்பன்றி திரையின் ஒரு முனையைக் கவ்வித் தூக்கியது. மறுமுனை மண்ணில் கிடந்தது. குரங்குகள் அசையவில்லை. நெடுநேரம் யாருமே வரவில்லை. கோரையன் வந்த வழியே திரும்பியது.

அப்போது செவலை முன்னால் வந்தது.

"உன் மூஞ்சியைப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரலை. திரைக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லு, கேக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மறுமுனையைக் கவ்வியது.

கோரையன் திரைக்குப் பின்னால் போய் நின்றது. முதலில் அந்தக் குட்டியின் பெயரைத்தான் சொன்னது.

கூத்தில் தவறு செய்பவனுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. எதிரே வந்து நிற்பவன் சொல்வதையும் கேட்பதே இரக்கம்.